இரண்டு திருமலைகளுக்கு நடுவே

எங்கள் ஆரணிப் பக்கம் திருமலை என்றால் போளூர் போகும் வழியில் வடமாதிமங்கலத்தை ஒட்டி நிற்கிற சமணக் குன்றுதான். குந்தவையின் பேரால் விளங்கும் ஜினாலயமும், பாறையில் செதுக்கிய பதினாறு அடி நேமிநாதரும் அங்கே உண்டு. அதனால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த இளைஞர் "எங்க அம்மாவுக்கு ஊர் திருமலை" என்றதும், "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அது இல்லண்ணா. கடல் இருக்கிற திருமலை." திருகோணமலையை அங்குள்ளவர்கள் சுருக்கமாகத் திருமலை என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய அம்மா 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார் வரை வந்து, பேசாலையில் படகேறி, மண்டபம் முகாமில் பதிவானவர். பிறகு எங்கள் மாவட்டத்து முகாமொன்றில் குடும்பம் நிலைத்துவிட்டது. மகன் இங்கே அரசு மருத்துவமனையில் 1993-இல் பிறந்தவர். வேலை முடிகிற நாளில் எங்கள் வீட்டுத் தறியைப் பார்க்க வேண்டுமென்று அந்த அம்மாவும் வந்தார். பட்டுப் பாவு நூலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்தார். மண்டபத்தில் கொடுத்த பதிவுச் சீட்டு, முகாம் குடும்ப அட்டை, மகனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ். தேசியம் என்ற இடத்தில் "இலங்கை" என்று எழுதியிருந்தது. ஆனால் இலங்கையைக் கேட்டால் மகனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"போறதுக்கு ஆசைதான் தம்பி. ஆனா எங்கட விருப்பத்தில மட்டும் இருக்கிற விசயமே இது?" என்று அந்த அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை நான் பல மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சொந்த நாட்டுக்குத் திரும்புவது ஒருவரின் உரிமை. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 13-ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. காகிதத்தில் எந்த நாடும் இதை மறுப்பதில்லை. அதுதான் இந்தச் சிக்கலின் முதல் முடிச்சு. தன் மக்களை ஏற்க மனமில்லாத நாடு வாய்திறந்து மாட்டேன் என்று சொல்லாது. சரி என்று சொல்லும், கூட்டுக் குழு அமைக்கும், பட்டியல் கேட்கும், பிறகு அந்தப் பட்டியலில் இருப்பவர் தன் ஆள்தானா என்று கேட்கும். கப்பல் எத்தனை, நாள் என்ன என்று பேசித் திரும்பும் தூதர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றிருக்கிறார்கள். இதை நாம் இலங்கையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மனமில்லாத நாடாக நின்றது நாம்தான்.

இலங்கை மலையகத்தின் கதையைத் தமிழ்நாட்டில் பலர் மறந்துவிட்டார்கள். 1948-இன் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது போலிருந்தாலும், கேட்ட ஆதாரங்களைத் தோட்ட லயத்தில் குடியிருந்த ஒரு கூலித் தொழிலாளியால் கொடுக்கவே முடியாது. இவர்கள் இந்தியர், அழைத்துக்கொள்ளுங்கள் என்றது கொழும்பு. இவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்து அந்த நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்கள், அவர்களை வைத்துக்கொள்வது உங்கள் கடமை என்றார் நேரு. நேருவின் வாதத்தில் நியாயம் இருந்தது. இலங்கைப் பிரதமர்களாக இருந்த டட்லி சேனநாயக்கவுடன் 1953-இலும், கொத்தலாவலையுடன் 1954-இலும் பேசிய பிறகும் அவர் அந்த அடிப்படையை விடவில்லை.

நேரு மறைந்து சில மாதங்களே ஆன நிலையில், 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பதினைந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டும். 1974-இல் இந்திரா காந்தி அந்த மீதியை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்து முடித்தார். தொண்டமான் போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் அப்போதே எதிர்த்த விஷயம் இதுதான்: யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கள் தொகை எண்களாக மாறிப் பிரிக்கப்பட்டது. அந்த எண்களுக்குப் பின்னே எந்தக் குடும்பம் இருக்கிறது, அதில் யார் எங்கே போக விரும்புகிறார் என்பது கையெழுத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தெரிய வந்தபோது கணக்கு தலைகீழாக நின்றது. இந்தியக் குடியுரிமை வேண்டுமென்று விண்ணப்பித்தவர்கள் ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டினார்கள். ஒப்பந்தம் எதிர்பார்த்த ஆறு லட்சம் வரவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டு வந்தவர்களோ ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகம். இந்தியா ஏழு பேரை எடுத்தால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தரும் என்ற விகிதம் வேறு குறுக்கே நின்றது. இந்தியக் குடியுரிமை பதிவானாலே ஏழு என்று எண்ணலாம் என்ற ஏற்பாட்டை 1971-இல் மாற்றி, அவர்கள் கப்பலேறிப் போன பிறகே எண்ணுவோம் என்றது சிறிமாவோ அரசு. அதாவது ஹட்டனில் ஒருவர் குடியுரிமை பெறுவது, பதுளையில் இன்னொருவர் எப்போது புறப்படுகிறார் என்பதைப் பொறுத்திருந்தது. தமிழில் இதற்குப் பணயம் என்ற சொல்தான் பொருந்தும்.

தோட்டங்களிலிருந்து தலைமன்னார் துறைக்குப் போன ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஒரு குடும்பத்தில் தகப்பன் இந்தியர், மகள் இலங்கையர் என்று பதிவான வீடுகள் உண்டு. ரயில் நிலையத்தில் விழுந்த அழுகை அப்படிப்பட்டது. இங்கே வந்தவர்களுக்கு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசின் தேயிலைத் தோட்டம் இருந்தது. இன்றைக்கு டான்டீ என்று பெயர் சொல்லும் கழகம் அவர்களுக்காக உருவானதுதான். மற்றவர்கள் நூற்பாலை, சிறு கடன், தெரியாத ஊர் என்று சிதறினார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்.

1984-இல் போர்ச்சூழலில் ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட முடியாதவர்கள் ஏறத்தாழ 84,000 பேர். அதற்கு முன்பே, 1982-இல், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று இந்தியா சொல்லியிருந்தது. இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். எஞ்சியவர்களின் சிக்கல் கப்பலால் தீரவில்லை. 1986, 1988, கடைசியாக 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் என்று இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களால்தான் தீர்ந்தது. இரண்டு பிரதமர்களின் கையெழுத்தால் நடக்காதது, இருக்கும் இடத்திலேயே உரிமை கொடுத்தபோது நடந்தது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இப்படி ஒரு பக்கம் மலையகத்தார் இங்கே வரக் காத்திருக்க, 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஈழத்தமிழர் படகுகளில் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1983 முதல் 2012 வரை வந்தவர்கள் மொத்தம் 3,04,269 என்பது இந்திய உள்துறையின் கணக்கு. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்த இரண்டு ஓட்டங்களையும் ஒரே வாக்கியத்தில் கட்டியிருக்கிறார்கள். இலங்கையிலுள்ள இந்தியக் குடிமக்களை இந்தியா விரைந்து அழைத்துக்கொள்ளும், அதே காலத்தில் தமிழ்நாட்டிலுள்ள அகதிகள் இலங்கைக்குத் திரும்புவார்கள் என்பது அதன் சாரம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற கணக்கு மறுபடியும் வந்துவிட்டது. 1987 டிசம்பர் முதல் 1989 ஆகஸ்ட் வரை 25,000-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் திரும்பினார்கள். திரும்பிய மண்ணில் அமைதி இருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. முன்பு திரும்பிப் போன சிலரே மறுபடியும் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். அந்த அம்மா வந்ததும் அந்த அலையில்தான்.

அடுத்த கட்டத்தில் தவறு நம் பக்கம். 1991 மே 21 ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் அகதிகள் மேலிருந்த பரிவு ஒரே இரவில் வற்றிப்போனது. முகாம்களில் கெடுபிடி, பள்ளிச் சேர்க்கையில் தடை, தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. 1992 ஜனவரியில் மறுபடி கப்பல் விட்டார்கள். விருப்பத்தோடு போகிறோம் என்று கையெழுத்து வாங்கிய படிவம் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலர் ஒப்பமிட்டார்கள். பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரிடம் தனியாகப் பேசி விருப்பத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு வந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாத நாடு என்பதால், இந்த ஏற்பாடும் சட்டத்தின் உரிமையாக இல்லாமல் அரசின் இசைவாகவே இருந்தது. 1995 மார்ச் வரை அரசு ஏற்பாட்டில் திரும்பியவர்கள் மொத்தம் 99,469 பேர். அடுத்த மாதமே மூன்றாம் ஈழப்போர் தொடங்கியது. அதன்பின் இன்று வரை அரசு நடத்திய கூட்டுத் திருப்பி அனுப்பல் எதுவும் இல்லை.

அடைக்கலம் கொடுத்த நாடு அவசரப்பட்டால், மனமில்லாத நாட்டுக்கு அது வசதியாகிவிடுகிறது. நீ தள்ளினாய், அவன் வந்தான், அவனுக்கு நான் பொறுப்பில்லை என்று அது சொல்லலாம். 1992-இல் திரும்பியவர்களில் பலர் சொந்த ஊருக்குப் போகவே இல்லை. இலங்கைக்குள்ளேயே இன்னொரு முகாமில் இறக்கிவிடப்பட்டார்கள். மண்டபத்திலிருந்து மன்னாருக்கு முகாம் மாறியதைத் தாயகம் திரும்பியதாகக் கணக்கெழுதினார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு பாதை திறந்துவிட்டது என்று நினைத்தோம். 2010, 2011-இல் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பியவர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்தை ஒட்டி இருந்தார்கள். பிறகு அது சில நூறாகக் குறைந்தது. 2021-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னும் 58,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் 34,000 பேர். போர் முடிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் பைதான் பதில்.

மகனை எடுத்துக்கொள்வோம். இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். அவர் ஆறு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டார். இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் தனி அனுமதி கேட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லிப் பதிய வேண்டும். 1993-இல் முகாமில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், தான் தப்பி வந்த அரசின் அலுவலகத்துக்கு எப்படிப் போயிருப்பார்? அப்பாவின் அடையாள அட்டை வேண்டும், அம்மாவின் பிறப்புப் பதிவு வேண்டும். அந்தப் பதிவேடு இருந்த அலுவலகம் போரில் எரிந்திருக்கலாம். ஈழத்தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் முகாமாகப் போய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தப் பதிவுகளைச் செய்து கொடுத்திருக்கிறது. தூதர்கள் மேசையில் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்தார்கள்.

பதிவு கிடைத்தாலும் காணி வேண்டும். அந்த அம்மாவின் உறவினர்கள் திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் இருந்தவர்கள். 2006-இல் சம்பூரில் குண்டு விழுந்து ஊரே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. பிறகு அங்கே இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். 2015-இல்தான் 818 ஏக்கரை மீட்டுத் தரும் முடிவு வந்தது. கடற்படை முகாம் இருந்த நிலத்தையும் விட வேண்டியிருந்தது. அனல்மின் திட்டம் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் அதே சம்பூருக்கான சூரிய மின்திட்டத்தை இந்தியப் பிரதமர் தொடங்கி வைத்தார். அகதிகளைத் திரும்ப எடுத்துக்கொள் என்று கேட்கவேண்டிய நாடு, அந்த அகதிகளின் ஊரில் நிலம் கேட்டு நிற்கும் நாடாகவும் இருக்கிறது. அப்போது எந்தக் கோரிக்கையை மேசையின் மேலே வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

வலயத்துக்கு வெளியேயும் சிக்கல்தான். உறுதி வைத்திருந்தவர்களின் பத்திரம் தொலைந்தது. பெர்மிட்டில் இருந்த அரச காணியில் வேறொருவர் குடியேறிவிட்டார். பத்தாண்டு தொடர்ந்து அனுபவித்தவருக்கே காணி என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டம் ஓடிப்போனவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது. போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்கு விலக்கு தரும் சட்டம் 2016-இல் வந்தது. நல்ல சட்டம். ஆனால் குறுகிய கால அவகாசத்துக்குள் வழக்கறிஞரைப் பிடித்து மூதூர் நீதிமன்றத்தில் நிற்பது, மாதம் இருமுறை வருகிற முகாம் செக்கிங்குக்கு நேரில் நிற்க வேண்டியவருக்கு எப்படி இயலும்?

2015 ஜனவரி கடைசியில் அகதிகள் திரும்புவது பற்றி இரு நாட்டு அதிகாரிகள் டெல்லியில் கூடினார்கள். அதற்கான காலம் கனியவில்லை என்று சொல்லித் தமிழக அரசு அதில் கலந்துகொள்ளவில்லை. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலகி நின்றதைச் சரி என்று சொல்ல முடியவில்லை. முகாம்களின் பதிவேடு, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் சென்னையில் இருக்கின்றன. அந்தக் காகிதங்களோடு அங்கே உட்கார்ந்து, இவர்கள் திரும்புவதாக இருந்தால் இன்னின்னது முதலில் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டியது தமிழ்நாடுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் முறையான துறை வழியாக வெளியேறவில்லை என்பது குற்றச்சாட்டு. உயிர் தப்பப் படகேறியதை முப்பது ஆண்டுக்குப் பிறகு குடிவரவுக் குற்றமாக்கினார்கள். இலங்கைக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆணையம் திருப்பி அனுப்பும் பணியை நிறுத்தி வைத்தது. அதே மாதம் டெல்லியில் உச்சநீதிமன்றம் ஓர் ஈழத்தமிழரின் வழக்கில், உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தர்மசத்திரமல்ல என்றது. ஒரே மாதத்தில் இரண்டு கதவுகளும் இப்படிச் சத்தம் போட்டதை முகாமில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் கதையை அடுத்த வீடுகளின் கதையோடு வைத்துப் பார்த்தால் ஒரு வழி துலங்குகிறது. பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளி மொழி பேசும் மக்களுக்காக நேபாளம் பதினைந்து சுற்று அமைச்சர் நிலைப் பேச்சு நடத்தியது. 2001-இல் குதுனாபாரி முகாமில் கூட்டுச் சரிபார்ப்பு நடந்தது. முடிவில், உண்மையிலேயே துரத்தப்பட்ட பூட்டானியர் என்று ஒப்புக்கொண்டது நூற்றுக்கு மூன்று பேரைக்கூட எட்டவில்லை. பெரும்பான்மையோர் தாமாக வெளியேறியவர்கள் என்று எழுதிவிட்டார்கள். வகை பிரிக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததே நேபாளத்தின் தோல்வி. கடைசியில் 2007-இலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்கா போன்ற நாடுகளுக்குப் போனார்கள். பூட்டான் யாரையும் ஏற்கவில்லை. வங்கதேசமும் மியான்மரும் 2017 நவம்பரில் ரோகிஞ்சாக்கள் திரும்ப ஏற்பாடு செய்துகொண்டன. 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் வாகனங்கள் தயாராக நின்றன. ஏற ஒருவரும் வரவில்லை. குடியுரிமை தராத நாட்டுக்குக் குடியேறச் சொன்னால் யார் போவார்கள்?

எனவே இனிமேல் டெல்லி, சென்னை, கொழும்பு மூன்றும் பேசும்போது எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. முகாமிலுள்ள ஒவ்வொருவரின் தேசியத்தையும், போகிறாரா இல்லையா என்று கேட்காமலே, முதலில் பதிவு செய்யட்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாம்களுக்கு வந்து, தாமதக் கட்டணமின்றி, இந்தியப் பிறப்புச் சான்றை வைத்தே பதியட்டும். படகில் வெளியேறியவர்கள் மேல் வழக்கு இல்லை என்பதைச் சட்டத்தில் எழுதட்டும். அமைச்சரின் வாய்மொழி போதாது. காணி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகம் எழுத்தில் தரட்டும், அதைப் பார்த்துவிட்டு ஒரு முறை போய் ஊரைப் பார்த்துத் திரும்பிவர இந்தியா அனுமதிக்கட்டும். போய்ப் பார்த்தவர் திரும்பி வந்தால் அகதி நிலை போய்விடும் என்ற பயமே பலரை நிறுத்திவைக்கிறது. நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் ஓடுகிற காலத்தில், தையல் இயந்திரத்தையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு விமானத்தில் போகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

இதில் மலையக வம்சாவளியினரைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் அங்கிருந்து படகேறி இங்கேயும் வந்தவர்கள் முகாம்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் தாத்தாக்கள் எங்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் கங்காணியோடு போனவர்கள். 1964 கணக்கில் இந்தியா ஏற்பதாகச் சொன்னவர்களில் இவர்கள் குடும்பமும் இருந்திருக்கும். இவர்களுக்கு இலங்கைதான் தாய்நாடு, அது ஏற்கட்டும் என்று டெல்லி இன்று சொல்வது நேருவின் பழைய வாதமே. ஆனால் நேரு அதைச் சொன்னது அவர்கள் தோட்டத்தில் வாழ்ந்தபோது. இவர்கள் நம் முகாமில் நாற்பது ஆண்டாக இருக்கிறார்கள். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகையோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. இந்தக் குடும்பங்களை ஏற்பதற்குக் கொழும்பிடம் எதையும் பேசத் தேவையில்லை, அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

2025-இன் புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு வந்திருக்கிறது. சட்டவிரோதக் குடியேறி என்ற சொல் அவர்கள் தலைக்கு மேல் தொங்குவது குறைந்திருக்கிறது. குடியுரிமை இன்னும் இல்லை.

அன்று அந்த அம்மா பையிலிருந்த காகிதங்களை அளவு பார்த்து, பெரியதை அடியிலும் சிறியதை மேலும் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டார். அடுத்த செக்கிங் வெள்ளிக்கிழமை என்று மகன் சொன்னார். அதற்குள் பின்கட்டுச் சுவரை முடித்துவிடுவதாகவும் சொன்னார். வாசலில் செருப்பைத் தேடும்போது அந்த அம்மா என்னிடம் கேட்டார், "அந்தப் பதியுற படிவம் தமிழில வருமோ தம்பி?"